‘அவர்கள்’ என்றால் ஆங்கிலத்தில் யார்?



நம் மக்தபுகளுக்கு மாலையில் வந்து அமரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பகல் முழுவதும் ஆங்கில வழிப் பள்ளிகளில் பயில்பவர்கள். அவர்களிடம் நபிகளாரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் பத்து வரிகளில் எழுதி வரச் சொன்னால், நம்மில் எவரும் எதிர்பார்த்திராத ஒரு பிழை பல தாள்களில் ஒன்றுபோலத் தென்படுகிறது. முதல் வரியில் நபி (ஸல்) அவர்களின் திருப்பெயர் இருக்கும். இரண்டாம் வரி ‘தே’ என்று தொடங்கும். மக்காவில் பிறந்தது ‘தே’. ஆடு மேய்த்தது ‘தே’. ஹிரா குகையில் தனித்திருந்ததும் ‘தே’. பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று பள்ளியின் ஆங்கில ஆசிரியை கேட்டால் பிள்ளை திகைத்து நிற்கும்.

இதைப் பிள்ளையின் அறியாமை என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. ‘நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்’ என்று கேட்டே அந்தப் பிள்ளை வளர்ந்தது. ‘அவர்கள்’ என்ற சொல்லுக்குப் பள்ளியில் தரப்பட்ட ஆங்கிலம் ‘தே’. ஒன்றையும் ஒன்றையும் சேர்த்தால் இரண்டு என்று கணக்கிட்டதே தவிர அது வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை. ‘ஹீ’ என்று எழுதலாமே என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் முகம் மாறும். ‘ஹீ’ என்றால் ‘அவன்’ அல்லவா, ரஸூலுல்லாஹ்வை அப்படிச் சொல்லலாமா என்று கேட்கும். அந்தத் தயக்கத்தில் இருப்பது அதபு. அதைக் கெடுக்காமல் இலக்கணத்தைத் திருத்துவது எப்படி என்பதே நம் முன் உள்ள கேள்வி.

தமிழில் மரியாதை பிரதிப்பெயரிலும் வினைமுற்றிலும் குடியிருக்கிறது. அவன், அவர், அவர்கள் என்று படிகள் உண்டு. நீ, நீர், நீங்கள் என்றும் உண்டு. ஆங்கிலத்தில் அந்தப் படிகள் இல்லை. அரசரும் ‘ஹீ’தான், அரண்மனைக் காவலரும் ‘ஹீ’தான். ‘ஹீ’ என்பதில் ‘அவன்’ என்ற தாழ்வும் இல்லை, ‘அவர்’ என்ற உயர்வும் இல்லை. ஒருவர், ஆண், பேசுபவரும் கேட்பவரும் அல்லாதவர் என்ற மூன்று செய்திகளை மட்டுமே அது சுமக்கிறது. அரபியின் ‘ஹுவ’வும் அப்படியே. ஹதீஸ் நூல்களில் ஸஹாபாக்கள் (ரலி) ரஸூலுல்லாஹ்வைக் குறிக்கும்போது ஒருமைச் சுட்டையே ஆண்டார்கள். அவர்களைவிட நபிகளாரை மதித்தவர்கள் யார்? ஆங்கிலத்தில் எழுதும் முஸ்லிம் தன் கண்ணியத்தை ஸலவாத்திலும், அடைமொழியிலும், சொல்லும் தொனியிலும் காட்டுகிறார். ஒருவரைப் பலராக்கிக் காட்ட வேண்டியதில்லை. இதை ஒருமுறை விளக்கிவிட்டால் பிள்ளைகள் நிம்மதியடைகிறார்கள்.

இதே ‘அவர்கள்’ இன்னொரு குழப்பத்தையும் தருகிறது. நம் ‘அவர்’ என்ற சொல்லில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. கதீஜா (ரலி) அவர்களைப் பற்றியும், ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றியும் தமிழில் ‘அவர்’, ‘அவர்கள்’ என்றே எழுதுகிறோம். ‘அவள்’ என்று எழுத எந்தத் தமிழ் முஸ்லிமின் கையும் எழாது. ஆகவே அன்னையரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையிலும் ஓரிடத்தில் ‘தே’, ஓரிடத்தில் ‘ஹீ’, மறுபடி ‘ஷீ’ என்று சுட்டுகள் அலைபாய்கின்றன. ‘ஷீ’ என்பது ‘அவள்’ அன்று. அதுவும் படி இல்லாத சொல்லே என்று இங்கும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அரபிக் கல்லூரியில் ஓதிய மாணவர் ஆங்கிலம் எழுதும்போது பிழை வேறு வாசல் வழியாக வருகிறது. அரபியில் அஃறிணை என்ற ஒன்று இல்லை. எல்லாப் பெயரும் முதக்கர் அல்லது முஅன்னஸ். ஷம்ஸு பெண்பால், கமரு ஆண்பால். நஃப்ஸும் ஜஹன்னமும் பெண்பால். ஆதலால் சூரியனுக்கு ‘ஷீ’ போட்டு எழுதிவிட்டு, ஷம்ஸு அத்தியாயத்தில் ‘ஹா’ என்றுதானே வருகிறது என்று ஆதாரமும் காட்டுவார். வேடிக்கை என்னவென்றால், 1934 முதல் லாகூரில் பகுதி பகுதியாக வெளிவந்த அப்துல்லாஹ் யூசுஃப் அலீயின் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் சூரியன் ஆணாகவும் சந்திரன் பெண்ணாகவும் வருகின்றன. அரபியின் பால் அப்படியே தலைகீழாகிவிட்டது. ஆங்கிலக் கவிதை மரபில் சூரியன் ஆண், நிலவு பெண். அவர் அந்த மரபைப் பின்பற்றினார். இன்றைய உரைநடையில் இரண்டுக்குமே ‘இட்’ போதும். மாணவர் உணர வேண்டியது, பால் என்பது சொல்லுக்கு மொழி போட்ட சட்டை என்பதுதான். பொருளுக்கும் அந்தச் சட்டைக்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இந்த ஒரு தெளிவு கிடைத்துவிட்டால், மாற்று மதச் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கும் விடை கிடைக்கிறது. அல்லாஹ்வை ‘ஹீ’ என்கிறீர்களே, அவன் ஆணா? இல்லை. ‘ஹுவ’ என்பது இலக்கணத்தின் ஆண்பால். அரபியில் ஆண், பெண் என்ற இரண்டே வரிசைகள் இருப்பதாலும், ‘அல்லாஹ்’ என்ற திருநாமம் இலக்கணத்தில் முதக்கராக நிற்பதாலும் வந்தது. அவனைப்போல் எதுவுமில்லை என்று அஷ்ஷூரா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் அறிவித்த பிறகு, படைப்புகளுக்குரிய ஆண்மை பெண்மையை அவனிடம் பொருத்திப் பார்க்க வழியே இல்லை. அப்படியானால் ஆங்கிலத்தில் ‘இட்’ என்று எழுதலாமே என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். கூடாது. ‘இட்’ என்பது அறிவும் நாட்டமும் இல்லாத பொருளின் சுட்டு. அறிபவனை, கேட்பவனை, பார்ப்பவனை அப்படிச் சுட்டுவது பொருட்பிழையிலிருந்து அகீதாப் பிழைக்குப் போய்விடும்.

தமிழில் நாம் அல்லாஹ்வை ‘அவன்’ என்றும் ‘நீ’ என்றும் அழைப்பதைக் கண்டு வியப்பவர்களும் உண்டு. நபியை ‘அவர்கள்’ என்கிறீர்கள், இறைவனை ‘அவன்’ என்கிறீர்களே என்பார்கள். ‘அவர்’ என்பது வடிவத்தால் பன்மையைச் சேர்ந்தது. ஏகனுக்கு ஒருமையே பொருத்தம் என்பது நம் முன்னோர் கண்ட முடிவு. நெருக்கத்துக்குரிய சொல்லும் அதுவே. ஆங்கிலத்திலும் இதற்கு நிகரான ஒரு வரலாறு உண்டு. பிக்தாலின் 1930ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலும் யூசுஃப் அலீயின் மொழிபெயர்ப்பிலும் அல்லாஹ்வை விளிக்கும் இடங்களில் ‘தௌ’, ‘தீ’ என்ற பழஞ்சொற்கள் வரும். இவை மிக மரியாதையான சொற்கள் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பழைய ஆங்கிலத்தின் ஒருமை ‘நீ’ அது. ‘யூ’தான் பன்மையாக இருந்து, மரியாதைக்காக ஒருவரிடமும் வழங்கி, கடைசியில் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. ஆங்கிலேயரும் தங்கள் வேண்டுதலில் நம்மைப்போல ‘நீ’ என்றே அழைத்திருக்கிறார்கள்.

நமக்கு மிகவும் கவலை தருவது ‘வீ’, ‘அஸ்’ என்ற இரண்டு சிறு சொற்கள்.

தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. அரபியின் ‘நஹ்னு’வுக்கும் தெரியாது. மூன்று மொழிகளில் தமிழுக்கு மட்டும் வாய்த்த நுட்பம் இது. குத்பா மேடையில் இமாம் ஜமாஅத்தாரை நோக்கி ‘நாம் அல்லாஹ்வை அஞ்ச வேண்டும்’ என்கிறார். தொழுகை முடிந்து கையேந்தும்போது அவரே ‘யா அல்லாஹ், எங்களை மன்னிப்பாயாக’ என்கிறார். ‘நாம்’ சட்டென்று ‘நாங்கள்’ ஆகிவிட்டது, ஏனெனில் கேட்பவன் மாறிவிட்டான். இப்போது கேட்பவன் படைத்தவன். மன்னிப்புத் தேவைப்படுவோரின் கூட்டத்தில் அவனைச் சேர்க்க முடியாது. நம் பாட்டிமார்கள் இலக்கணம் படிக்காமலேயே இதைப் பிசகின்றிச் சொல்வார்கள்.

அண்மைக் காலமாக ஆங்கிலச் சொற்பொழிவுகளைக் கேட்டு, அவற்றிலுள்ள துஆக்களைத் தமிழாக்கி அனுப்பும் வழக்கம் இளைஞர்களிடம் பெருகியிருக்கிறது. ஆர்வம் பாராட்டுக்குரியது. ஆனால் ‘அஸ்’ என்பதைப் பார்த்த மாத்திரத்தில் ‘நம்மை’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘யா அல்லாஹ், நம்மை நரகத்திலிருந்து காப்பாயாக’ என்று ஒரு செய்தி கைப்பேசியில் வந்து விழுகிறது. எழுதியவரின் உள்ளம் தூயது, எண்ணம் சரியானது. சொல் மட்டும், அல்லாஹ் பாதுகாக்க வேண்டும், சொல்லத்தகாத ஒன்றைச் சொல்லிவிட்டது. ‘ரப்பனா’ என்பதற்கு ‘எங்கள் இறைவனே’ என்று நம் ஆலிம்கள் எழுதி வந்ததன் காரணத்தை இந்தத் தலைமுறைக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இனி மறுபக்கம். திருக்குர்ஆனில் அல்லாஹ் தன்னைக் குறித்து ‘நஹ்னு’ என்று கூறும் இடங்களை நம் தமிழ் மொழிபெயர்ப்புகள் ‘நாம்’ என்றே தருகின்றன. ‘நாங்கள்’ என்று எழுதினால் பலர் கூடிப் பேசுவதாகிவிடும். ‘நாம்’ என்பதற்கோ தமிழில் அரசனின் கம்பீரமும் உண்டு. ஆங்கிலத்திலும் அந்த வழக்கு இருக்கிறது: 1858இல் இந்திய ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு விக்டோரியா அரசியார் வெளியிட்ட பிரகடனம் ‘வீ’ என்றே பேசியது, அரசியார் இருவர் என்று எவரும் கருதவில்லை. ஆகவே ஓர் ஆங்கில ‘வீ’யைக் கண்டால் நம் மாணவர் பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். அல்லாஹ் பேசினால் ‘நாம்’. அடியார்கள் அவனிடம் பேசினால் ‘நாங்கள்’. மூமின்கள் தங்களுக்குள் பேசினால் மீண்டும் ‘நாம்’.

‘வீ’ என்பதைக் காட்டி, உங்கள் வேதத்தில் பல கடவுள்கள் பேசுகிறார்களே என்று வாதிடுவோர் இன்றும் இருக்கிறார்கள். பள்ளியில் சக மாணவன் இதைக் கேட்டு, பதில் தெரியாமல் திரும்பிய பிள்ளைகள் நம்மிடம் வருகிறார்கள். வேதத்தைப் பாதுகாப்பதாக வாக்களிக்கும் அல்ஹிஜ்ர் அத்தியாயத்தின் 9ஆம் வசனத்தில் மாட்சிமைப் பன்மை வருகிறது. மூஸா (அலை) அவர்களிடம் தன்னை அறிமுகப்படுத்தி, தன்னையே வணங்குமாறு கட்டளையிடும் தாஹா அத்தியாயத்தின் 14ஆம் வசனத்திலோ ஒருமை, ஒருமை, ஒருமைதான். ஃபாத்திஹாவில் நாம் அவனை விளிப்பதும் ஒருமையில்தான். இதைச் சொல்லிக் கொடுக்க இரண்டு நிமிடங்கள் போதும். சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளை எத்தனை நாள் அந்தக் கேள்வியைச் சுமக்குமோ!

ஆங்கிலத்தில் எழுதும் முஸ்லிம்கள் அல்லாஹ்வைக் குறிக்கும் ‘ஹீ’க்குப் பெரிய எழுத்து இடுகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் அது மொழிபெயர்ப்பாளரின் தலையில் அரபி ஏற்றாத ஒரு சுமையை ஏற்றுகிறது. அரபியில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் 9ஆம் வசனத்தில் உதவி புரிவது, கண்ணியப்படுத்துவது, துதிப்பது என மூன்று வினைகளின் இறுதியில் ‘ஹு’ என்ற ஒரே சுட்டு வருகிறது. முதல் இரண்டும் ரஸூலையும் கடைசி ஒன்று அல்லாஹ்வையும் குறிக்கும் என்பது முஃபஸ்ஸிர்களில் ஒரு சாராரின் விளக்கம். மூன்றும் அல்லாஹ்வையே குறிக்கும் என்பது இன்னொரு சாராரின் விளக்கம். அரபியில் இரண்டு விளக்கங்களும் அருகருகே அமர இடமுண்டு. ஆங்கிலத்தில் எழுத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும். அச்சுக்கோப்பவரின் கைத்தவறு ஒன்று ஒரு தஃப்ஸீர் கருத்தாகிவிடும் இடம் இது. ‘ளமீரின் மர்ஜிஃ எது’ என்று நஹ்வு வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கிறோமே, அந்தக் கேள்வி ஆங்கிலத்திலும் கேட்கப்பட வேண்டும்.

‘யூ’வும் இவ்வாறே மறைக்கிறது. அரபியின் பதினான்கு ளமீர்களை எழுதிப் பக்கத்தில் ஆங்கிலத்தை எழுதுங்கள். முன்னிலையின் ஆறு வடிவங்களும் ஒரே ‘யூ’வில் அடங்கிவிடும், ‘ஹுமா’, ‘ஹும்’, ‘ஹுன்ன’ எல்லாம் ஒரே ‘தே’. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 33ஆம் வசனம் நபிகளாரின் மனைவியரைப் பெண்பால் பன்மையில் விளித்து வந்து, அஹ்லுல் பைத் என்று கூறும் இடத்தில் ஆண்பால் பன்மைக்கு மாறுகிறது. மனைவியருடன் அலீ, ஃபாத்திமா, ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகியோரும் அதில் அடங்குவர் என்று நம் இமாம்கள் விளக்கும்போது இந்த மாற்றத்தைச் சுட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்தத் தடமே தெரியாது. தமிழின் ‘உங்களை’ என்பதிலும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துச் சட்டம் பேசும் இளைஞர்களிடம் நாம் இந்த ஒரு வசனத்தைக் காட்டுவது வழக்கம்.

தீனுக்கு வெளியிலும் இழப்பு உண்டு. ‘அண்ணன் தம்பியிடம் தன் வீடு விலைபோய்விட்டது என்றான்’ என்று தமிழில் சொன்னால் வீடு அண்ணனுடையது. ‘அவன் வீடு’ என்றால் வேறொருவருடையது. ஆங்கிலத்தில் இரண்டும் ‘ஹிஸ்’. வஸிய்யத்தையோ பாகப்பிரிவினையையோ ஆங்கிலத்தில் எழுதுவோர் ‘ஹிஸ்’ என்று விட்டுவைக்காமல் பெயரையே திரும்ப எழுதுவது நல்லது. நம் பத்திர எழுத்தர்கள் வரிக்கு வரி ‘மேற்படி’ போடுவதைக் கேலி செய்கிறோம். அவர்கள் வழக்காடு மன்றத்தைக் கண்டவர்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைகள் தம் பெயரைச் சொல்லுமுன் ‘மைசெல்ஃப்’ என்று தொடங்குவதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். ‘ஐ’ என்பது ஆணவம் அன்று. தஸவ்வுஃபில் நஃப்ஸை ஒடுக்குவது வேறு, இலக்கணத்தில் எழுவாயை ஒடுக்குவது வேறு.

இவற்றையெல்லாம் மதரஸாவா சொல்லித்தர வேண்டும், பள்ளிக்கூடம் எதற்கு இருக்கிறது என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்பதன் அதபும் தெரியாது, ‘ரப்பனா’வின் ‘நா’வும் தெரியாது, அவர் மேல் குறையில்லை, அது அவர் பாடமும் அன்று. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததும், ஏறக்குறைய அரை மாதத்தில் அவர்கள் கற்றுத் தேர்ந்ததும் ஹதீஸில் வந்திருக்கிறது. கடிதத்தில் பிறர் எழுதியதும் பிறருக்கு எழுதுவதும் பிசகாமல் இருக்க வேண்டும் என்பதே அங்கு நோக்கம். நம் பிள்ளைகளுக்கும் பிறர் கேட்கும் மொழியில் நம் தீனைப் பற்றிப் பிசகாமல் எழுதும் தேவை வந்திருக்கிறது. ஆங்கிலம் பேசினால் கௌரவம் என்று எண்ணும் பெற்றோருக்காக இதை நாம் எழுதவில்லை. அந்தக் கௌரவம் நமக்கு ஒரு பொருட்டும் அன்று.

அதிகம் எதுவும் வேண்டாம். முதலாமாண்டில் பதினான்கு ளமீர்களை மனனம் செய்விக்கும் அதே வாரத்தில் கரும்பலகையில் மூன்று பத்திகள் போடுங்கள்: அரபி, தமிழ், ஆங்கிலம். ஆங்கிலப் பத்தியில் எத்தனை கட்டங்கள் ஒரே சொல்லால் நிரம்புகின்றன என்று மாணவர்களையே எண்ணச் சொல்லுங்கள். அரபியில் இடமில்லாத ‘இட்’டை அடியில் தனியாக எழுதுங்கள். பிறகு ஃபாத்திஹாவை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு சுட்டும் யாரைக் குறிக்கிறது, தமிழில் ‘நம்’மா ‘எங்கள்’ளா, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தா சிறியதா என்று கேளுங்கள். ரபீஉல் அவ்வலில் ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் அச்சிடும் ஜமாஅத்தார், அச்சகத்துக்கு அனுப்புமுன் அரபி அறிந்த ஆலிம் ஒருவரையும் ஆங்கிலம் அறிந்த ஒருவரையும் ஒரு மணி நேரம் சேர்த்து உட்கார வைக்கட்டும். ‘தே’க்களையும் ‘அஸ்’களையும் மட்டும் வட்டமிட்டுப் பார்த்தால் போதும், மற்ற பிழைகளை அச்சகத்தாரே கண்டுபிடித்துவிடுவார்கள்.